காட்டாற்றுக்கு மாறியவள்

பவதாரணி ஸ்பேனரை ஓங்கிய வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. எதிரே திருமூர்த்தியின் பின்மண்டை இருந்தது. வழுக்கை விழத் தொடங்கிய இடம்கூட அவளுக்குத் தெரிந்தது. அவன் குனிந்து நின்று அவளுடைய புருஷனை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தான். ஓங்கியதை இறக்க வேண்டியதுதான் பாக்கி. மண்டைக்கு ஒரு சாண் இருக்கும்போது அவளுடைய வலது கை விரல் விரலாகப் பிரிந்து ஸ்பேனரைக் கீழே விட்டுவிட்டது.

அவள் குனிந்து எடுத்து மறுபடியும் ஓங்கினாள். மறுபடியும் கை திறந்துகொண்டது. சிமென்ட் தரையில் இரும்பு விழுந்த சத்தத்துக்குத் திருமூர்த்தி திரும்பிப் பார்த்தான்.

"ஆலமரம் போட்ட கை அம்மிணி அது. மனுசன் மேல படாது. நீ பொழுதன்னிக்கும் ஓங்குனாலும் படாது. நம்மளோடதாச்சே, மறந்துட்டியா?" என்று சிரித்தான். சிரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான்.

அவனுக்கும் வலது கை இயந்திரக் கைதான், அதுவும் ஆலமரம்தான். அதனால் கம்பியை இடது கையில் பிடித்திருந்தான். கூட வந்த மூன்று பேரும் அப்படியே. கணபதிப் பகுதியில், செந்தூரன் வேலை பார்த்த பிரஸ் பட்டறையின் கேட்டுக்கு முன்னால், பட்டப்பகலில், ஷிப்ட் விட்டு வந்த ஜனம் ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான்கு பேர் சேர்ந்து அவள் புருஷனைத் துவைத்து எடுத்தார்கள். முதலில் விலா. பிறகு தடுக்க வந்த வலது கையின் விரல்கள். கடைசியில் திருமூர்த்தி கம்பியைக் குறுக்காக வீசியபோது தாடை உடைகிற சத்தம் பவதாரணிக்குத் தெளிவாகக் கேட்டது.

செந்தூரனுக்கு இடது கை இயந்திரக் கை. அது அப்போது அவன் தோளில் இல்லை. நான்கு பேர் வருவதைப் பார்த்ததுமே அவன் கொக்கியை விடுவித்து, அந்தக் கையைக் கழற்றி, அவள் காலடியில் எறிந்துவிட்டான். இருக்கிற ஒரு பலத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு அடி வாங்க நிற்கிற ஆளை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளுக்குத் திருமூர்த்தி மேல் எவ்வளவு ஆத்திரமோ, புருஷன் மேலும் அவ்வளவு ஆத்திரம்.

இந்தக் கைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பவர் பிரஸ் ஓடுகிற ஊரில் கை போவது புதிதல்ல. ஒரு கம்பெனி நல்ல இயந்திரக் கைகளைச் செய்து விற்றது. தோளில் ஒரு கொக்கியை நரம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால், அதில் மாட்டிய கை நினைத்தபடி அசையும். பிறகு ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். கைகளை இயக்கிய மென்பொருளும் அன்றைக்கே நின்றது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தவர்கள் விட முடியாமல் அப்படியே தொங்கினார்கள். அப்போதுதான் எங்கெங்கோ இருக்கிற நல்ல மனசுக்காரர்கள் கூடி, கைகளுக்குத் தாங்களே மென்பொருள் எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்கு வழங்கல் என்று பெயர். ஒன்று இருந்தால் அழகு. பத்து வந்தது. கொடுத்தவர்கள் சண்டை போடவில்லை, வாங்கியவர்கள் போட்டார்கள். புதிதாகக் கை வைத்துக்கொண்ட ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து, எனக்கு எந்த வழங்கல் சரிப்படும் என்று கேட்டுவிட்டால் போதும், கடையில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொன்று சொல்லி, சொன்னதற்காக அடித்தும்கொள்வார்கள். முன்பெல்லாம் என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்கள், இப்போது என்ன வழங்கல் என்று நேராகவே கேட்டுவிட்டுத் திண்ணென்று உட்கார்ந்துகொண்டார்கள்.

கணபதியில் இரண்டு கட்சி. ஆலமரம் பழையது, நிதானமானது, எப்போதாவதுதான் மாறும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை மட்டும் கற்கும், கற்றது உங்களோடு இருக்கும், மனித உடம்பை நோக அடிக்காது. காட்டாறு அப்படியில்லை. அதில் ஒரு கை கற்றதை, சார்ஜில் போடுகிறபோது, எல்லாக் கைகளும் கற்றுக்கொள்ளும். தடை என்று ஒன்றும் கிடையாது. காட்டாறு போட்டவன் முதல் நாளே தேர்ந்த வேலைக்காரன் மாதிரி வேலை பார்த்தான். பட்டறைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆலமரத்துக்காரர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார்கள். அவர்கள் சங்கம் வைத்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள், பிறகு கம்பியை எடுத்தார்கள். ஆலமரத்தை விட்டுப் போகிறவனின் கையைப் பிடுங்கி பஸ் ஸ்டாப் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். மனுஷனை அடிக்காத கையை வைத்திருந்தவர்கள்தான் மனுஷனை அடித்தார்கள். அதற்கு அவர்களுக்கு இன்னொரு கை இருந்தது.

செந்தூரன் போன வாரம்தான் காட்டாற்றுக்கு மாறியிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள். விரல்களில் மாவுக்கட்டு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. "ஏன் மாமா கையக் கழட்டுனீங்க? கழட்டாம இருந்திருந்தா நாலு பேர்த்துல ஒருத்தனையாச்சும் சாச்சிருக்கலாமல்ல?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். போலீஸ் ஸ்டேஷனில், வழங்கல் தகராறா, ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்குங்க என்று அனுப்பிவிட்டார்கள். திருமூர்த்தியோ, செந்தூரன் வீடு திரும்பியதும் அந்தக் கையை வாங்கிக்கொள்ள வருவதாகத் தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தத் தெருவில்தான் அவளும், அவள் மகள் நறுமுகையும் இருக்க வேண்டும். மறுமுறை புருஷன் பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அப்போதும் தன் கை திறந்துகொண்டு நின்றால் என்ன செய்வது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி.

காந்திபுரத்தில், மொபைல் கவர் விற்கிற கடைகளுக்கு நடுவே, கைகளுக்கு வழங்கல் போட்டுக் கொடுக்கிற ஜெரால்டின் கடை இருந்தது. ஜெரால்டுக்கும் ஒரு கை இயந்திரக் கை, காட்டாறு. அவனுடைய அண்ணன் கையைத்தான் ஆலமரத்துக்காரர்கள் முதன்முதலில் கம்பத்தில் கட்டினார்கள். அண்ணன் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

"ஆலமரம் நல்ல வழங்கல்தானுங்க. நான் குறை சொல்ல மாட்டேன். எதுக்கு மாத்தறீங்க?" என்றான்.

"அடிக்க மாட்டேங்குதுங்கண்ணா."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அடிக்கறதுக்குன்னு ஒரு வழங்கல் கெடையாதுங்க அம்மிணி. சிட்டுன்னு ஒண்ணு இருக்குது, பழைய கைக்குப் போடறது. அதுக்கு ஒரு சொம்பு தூக்கவே தெம்பு பத்தாது. காட்டாறு தடுக்காது. ஆனா அதுக்கும் அடிக்கத் தெரியாது."

"தடுக்காதுன்னா அடிக்கும்தானுங்களே?"

"தடுக்காதது வேற, தெரியறது வேறங்க. காட்டாத்துல எவனாச்சும் ஒருத்தன் கத்துக் குடுத்தாத்தான் கைக்குத் தெரியும். வெங்காயம் அரியறது, ஊசி கோக்கறது, வெல்டிங்கு, கொழந்தைய எடுக்கறது எல்லாம் குடுத்திருக்காங்க. அடிக்கறத மட்டும் யாரும் குடுக்கல. நாங்க சண்டை கிண்டைன்னா கையக் கழட்டி வெச்சுட்டுத்தான் போவோம். அது எங்க வழக்கம்."

அவளுக்கு ஸ்பேனர் விழுந்த சத்தம் மறுபடியும் கேட்டது போலிருந்தது. "அதனாலதான் எங்க வூட்டுக்காரரு…"

"ஆமாங்க. கேள்விப்பட்டேன். தங்கமான மனுசன்."

"தங்கமா இருந்து தாடை போனதுதான் மிச்சம். எதுக்குங்கண்ணா கழட்டோணும்? உசுரு போற நேரத்துலயுமா?"

"வழிகாட்டிப் புத்தகத்துல எல்லாந் தெளிவா எழுதியிருக்குதுங்க. படிச்சுட்டு வாங்க, அப்பறம் சந்தேகம் இருந்தாக் கேளுங்க."

தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்கிற பதில்களிலேயே மகா மட்டமான பதில் இதுதான். ஜெரால்டு கெட்டவன் இல்லை. ஒரே கேள்விக்கு ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனவன். அந்த வழிகாட்டி தலையணை தண்டிக்கு இருக்கும். எழுதியவர்களைத் தவிர வேறு யாராவது முழுசாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். பவதாரணிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, படிக்கவும் இல்லை.

முதலில் சோதனைக்குப் போட்டுக் காட்டினான். பழையது அடியில் அப்படியே இருக்க, காட்டாறு மேலே ஓடும், பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிடலாம் என்றான். ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய விரல்கள் நூல் நுனியை முறுக்கி ஒரே தடவையில் கோத்துவிட்டன. எந்த ஊர்த் தையல்காரி கற்றுக்கொடுத்ததோ. ஆலமரத்தில் ஒரு பொத்தானைப் போடப் பழக்குவதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"முழுசாப் போட்டா பழையது அழிஞ்சுருங்க. நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் போயிரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெக்க உங்க கையில எடம் பத்தாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். நறுமுகைக்குத் தலை பின்னிவிடுவதற்கு அந்தக் கைக்கு அவளே பழக்கியிருந்தாள். மகள் வலிக்குதும்மா, வலிக்குதும்மா என்று கத்தக் கத்த, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து வந்து சேர்ந்த பின்னல் அது. அதற்கடுத்து அவளுக்குக் கம்பி போட்டு இறுக்கிய அந்த வாய் ஞாபகம் வந்தது.

"அழிச்சுருங்க," என்றாள்.

மறுநாள் காலையில் அவளுடைய புதுக் கை நறுமுகைக்குத் தலை பின்னியது. கண்ணாடியில் பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்குப் பின்னியது போல அவ்வளவு நேர்த்தி. நறுமுகை பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"யாரும்மா பின்னுனா?" என்றாள்.

"நாந்தான் கண்ணு. பாத்துட்டுத்தான இருந்தே?"

"நீ பின்னுனா காதுகிட்ட ஒரு தடவ தொடுவே. இது தொடல," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பவதாரணி கொஞ்ச நேரம் அழுதாள். அழ நேரம் அதிகம் கிடைக்கவில்லை, அன்றைக்குத்தான் செந்தூரனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த செந்தூரன் அவளுடைய கையைப் பார்த்தான். தோளருகே, என்ன வழங்கல் என்று காட்டுகிற விளக்கு நிறம் மாறியிருந்ததைப் பார்த்தான். கம்பி போட்ட வாய்க்குள்ளிருந்து ஏதோ உறுமினான். மாவுக்கட்டுப் போட்ட கையால் அவளுடைய தோள் கொக்கியைத் தட்டித் தட்டிக் காட்டினான். கழற்றணும், சண்டை வந்தால் கழற்றணும் என்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. "செரி மாமா, செரி," என்றாள். சாப்பிடவாவது ஆகட்டும் என்று அவனுடைய இயந்திரக் கையை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். அதே நான்கு பேர். பக்கத்து வீட்டு அகிலா தன் கைப்பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தவள், அவர்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் ஒரு கை காட்டாறு. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டன.

அவர்கள் பேசவில்லை. ஒருவன் டிவியை இழுத்துப் போட்டு உடைத்தான். செந்தூரன் சுவரோரம் நகர்ந்தான். இயந்திரக் கையைக் கழற்றிக் கொடுத்துவிடத்தான் அவன் மாவுக்கட்டுக் கையைத் தோளுக்குக் கொண்டுபோனான், கொக்கியை விடுவிக்க அதில் விரல்கள் அசையவில்லை. திருமூர்த்தி அவன் மார்பில் உதைத்துக் கீழே தள்ளி, செருப்புக் காலை அந்த உடைந்த தாடையின் மேல் வைத்தான். வைத்து, நின்றான். செந்தூரனுடைய உடம்பு மீன் மாதிரித் துள்ளியது. கம்பிகளுக்கு இடையில் ரத்தம் வந்தது.

"கொண்டு போங்க! கையத்தான கேட்டீங்க, கொண்டு போயிருங்க!" என்று பவதாரணி கத்தினாள்.

"கை போனா இன்னொரு கை வாங்குவான் அம்மிணி. புத்தி வரோணுமல்ல?" என்று சொல்லி அவன் காலை இன்னும் அழுத்தினான். நறுமுகை அலமாரிக்குப் பின்னாலிருந்து அப்பா அப்பா என்று கூச்சலிட்டாள். ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து நடுவீட்டில் போட்டான்.

பவதாரணியின் இடது கை வலது தோள் கொக்கிக்குப் போனது. விரல் கொக்கியில் பட்டும்விட்டது. கழற்றிவிட்டு ஒற்றைக் கையோடு நான்கு பேரிடம் என்ன செய்வது? கழற்றாமல் செய்வோம், முடிந்ததும் ஓடிப்போய் ஜெரால்டிடம் அழித்துவிடுவோம், சார்ஜில் போட்டால்தானே மற்ற கைகளுக்குப் போகும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெரியாமல் செய்தாள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். கொக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

முதலில் திருமூர்த்தியின் முகத்தில் குத்தினாள். குத்து விழவில்லை. காட்டாறு அதைத் தடுக்கவில்லை, அதற்கு அது தெரியவில்லை. முஷ்டி போகிற வழியில் தளர்ந்து, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி அவன் கன்னத்தில் தட்டியது. அவன் சிரித்துவிட்டுக் கம்பியால் அவள் விலாவில் போட்டான். அவளுக்குக் கண் இருண்டது.

விழப்போனவள் அவன் கழுத்தைப் பிடித்தாள். அதற்கு மட்டும் கைக்கு வழி தெரிந்திருந்தது. மனுஷக் கழுத்தைச் சுற்றி எப்படிப் போக வேண்டும் என்று அதற்கு எத்தனையோ தாய்மார்களும் நர்சுகளும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மெதுவாக, நோகாமல், பிடரியை ஏந்தினாற்போல அவளுடைய கை திருமூர்த்தியின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவன்கூட ஒரு கணம் திகைத்துப்போய் நின்றான். அதற்குப் பிறகு அவள் இறுக்கினாள். இறுக்கு என்று நினைத்தாள், கை இறுக்கியது. இன்னும் என்றாள், இன்னும் இறுக்கியது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கம்பியைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பிறாண்டினான். அவள் காதில் ஒரு பக்கம் கிழிந்தது. அவனுடைய ஆலமரத்துக் கை அவளைத் தள்ளப் பார்த்து, மனித உடம்பு என்று தெரிந்ததும் பணிவாகத் திறந்துகொண்டது. கரும்பை முறிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அவனுடைய கால்கள் செந்தூரன் மேலிருந்து நழுவின.

அவள் விட்டபோது திருமூர்த்தியின் தலை இருக்கக்கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற மூன்று பேரும் வாசலுக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒருவன் மட்டும் திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல், உடலைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். குட்டியானை வண்டி ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நறுமுகை அழவில்லை, அலமாரியோடு ஒட்டிக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்தாள். செந்தூரன் உயிரோடு இருந்தான். அவனும் அவள் கையைத்தான் பார்த்தான்.

"அழிச்சுட்டு வந்தர்றேன் மாமா. இப்பவே போயி அழிச்சுட்டு வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஜெரால்டு கடையில் தனியாக இருந்தான். அவள் காதிலும் கழுத்திலும் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். அவள் கொக்கியை விடுவித்துக் கையைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்தாள்.

"திருமூர்த்திய கொன்னுட்டேனுங்கண்ணா. கையக் கழட்டல. யாருக்கும் போறதுக்கு முன்ன அழிச்சுருங்க."

அவன் அந்தக் கையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வயரை எடுத்துச் செருகினான். விளக்கு எரிந்தது, திரையில் ஏதோ ஓடியது, நின்றது. அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

"அழிஞ்சுருச்சுங்களா?"

"குடுத்துட்டேனுங்க," என்றான் ஜெரால்டு.

அவளுக்குப் புரியவில்லை.

"எல்லாருக்கும் குடுத்துட்டேன். எங்கண்ணன நடுரோட்டுல வெச்சு அடிக்கையில அவன் கையக் கழட்டி வெச்சுட்டுத்தான் நின்னான். நாங்க எல்லாரும் கழட்டி வெச்சுட்டுத்தான் நின்னோம். பத்தாதுங்களா? இனி எவனாச்சும் காட்டாத்துக்காரன் மேல கை வெக்கட்டும் பாக்கறேன். இது உங்களோடது மட்டும் இல்லீங்க அம்மிணி, காட்டாத்துல எதுவும் ஒருத்தரோடது இல்ல. சார்ஜுல இருக்கற கைக்கெல்லாம் இப்பவே போயிருக்கும். மத்தவங்களுக்குப் போடறப்போ போகும்." வயரைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான். சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"சண்டை போட்டாத்தான அப்படி இறுக்கும்?"

"ஆமாங்க. சண்டையில மட்டுந்தான். ஒரு அசைவு எப்படித் தொடங்குதோ அந்தப் பேர்லதான் கை அத எழுதி வெச்சுக்கும். குத்தறதுக்குக் கை ஓங்குனா குத்துன்னு எழுதிக்கும். அதனால பயமில்ல."

"நான் ஓங்கலீங்கண்ணா."

"என்ன?"

"குத்துனேன், படல. அப்பறம் கழுத்தச் சுத்திக் கையப் போட்டேன். கொழந்தையக் கட்டிப் புடிக்கறாப்பல மொள்ளமாத்தான் போச்சு. அதுக்கப்பறந்தான் இறுக்குனேன்."

ஜெரால்டின் முகம் வெளுத்துவிட்டது. அவன் தன்னுடைய கொக்கியை விடுவித்து, தன் கையைக் கழற்றி, பாம்பைப் போடுவது போலத் தூரப் போட்டான். அவளைக் கேட்காமல் செய்தது அவன் தப்பு. படிக்காமல் போனது அவள் தப்பு. இதில் யார் தப்பு பெரியது என்று இன்றைக்கும் டீக்கடைகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"திருப்பி வாங்குங்க!"

"காட்டாத்துல திருப்பி வாங்கறது கெடையாதுங்க. இதவிட நல்லாக் கட்டிப் புடிக்கறதுக்கு யாராச்சும் கத்துக் குடுத்தாத்தான்…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவள் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஏற்கெனவே ரோட்டுக்குப் போயிருந்தாள்.

செந்தூரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுவரிலிருந்து சார்ஜர் வயர் அவன் தோளுக்குப் போயிருந்தது. நறுமுகைக்கு இப்போதுதான் அழுகை வந்திருந்தது போல. அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். செந்தூரனுக்குப் பேச வாய் இல்லை, தடவ விரல் இல்லை. இருந்த ஒரே கையை, அந்த இயந்திரக் கையை, எடுத்து மகளின் பிடரிப் பக்கமாகக் கொண்டுபோனான்.

பவதாரணி நறுமுகையின் காலைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் தரையில் விழுந்து உதடு கிழிந்தது. செந்தூரன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் பட்டறைப் பையிலிருந்த சுத்தியலை எடுத்து, இடது கையால், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, அவனுடைய இயந்திரக் கையின் முழங்கை மூட்டில் போட்டாள். மறுபடியும் போட்டாள். விரல்கள் விரிந்து மூடின. விளக்கு அணைகிறவரை அடித்தாள். எண்ணெய் தெறித்து அவன் முகத்தில் பட்டது. திருமூர்த்தி செய்ய வந்த வேலையை அவள் முடித்துக் கொடுத்தாள். அவன் கத்த முடியாமல் கம்பிகளுக்குள் முனகினான். அவன் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம். தன் பெண்டாட்டியைப் பார்த்துப் பயந்த பயம்.

"சொல்றேன் மாமா. அப்பறம் எல்லாஞ் சொல்றேன். முகை, அப்பாகிட்ட இரு. யாரு வந்தாலும் கதவத் தொறக்காத, யாரையும் தொட விடாத."

சுவருக்கு அந்தப் பக்கம் அகிலாவின் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அழுகிறவரைக்கும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே பவதாரணி சுத்தியலோடு ஓடி அந்தக் கதவை உதைத்தாள்.

"யாருங்க?"

"நாந்தான் அகிலா, பவதாரணி. தொற, சீக்கிரம் தொற."

கதவு திறந்தது. அகிலா பிள்ளையை இடது தோளில் சாய்த்து, வலது கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையின் தோளிலிருந்து சார்ஜர் வயர் பின்னால் தொங்கியது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே எழுந்து வந்திருப்பாள்.

"என்னக்கா, அவனுக போயிட்டானுகளா? ஐயோ, காதெல்லாம் ரத்தம். சுத்தியல் எதுக்குக்கா?"

பவதாரணிக்கு இருந்தது ஒரு கை. அதில் சுத்தியல். பிள்ளை தோளில் இருக்கும்போது அடிக்க முடியாது. அவள் சுத்தியலைப் படியில் வைத்தாள். குரலை எப்படியோ சாதாரணமாக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல. பிள்ளைய மொதல்ல எங்கிட்டக் குடு கண்ணு."

"பாத்துப் புடிங்கக்கா, இன்னும் கழுத்து நிக்கல," என்று சொல்லிக்கொண்டே, பச்சைப்பிள்ளையை இன்னொருவரிடம் கொடுக்கும்போது எல்லோரும் செய்வதைப் போல, அகிலா தன் வலது கையை எடுத்து அதன் பிடரிக்கு அடியில் கொடுத்தாள்.